குருவின் பெயர் என்ற கட்டம்



போன வாரம் எதிர் வீட்டுப் பெண்ணுடன் கிரீன்வேஸ் சாலை இசைக் கல்லூரிக்குப் போயிருந்தேன். (சாலையின் பெயர் இப்போது டி.ஜி.எஸ். தினகரன் சாலை. எனக்கு இன்னும் அது வாயில் வரவில்லை.) அவள் அங்கே வாய்ப்பாட்டு படிக்கிறாள். மாணவர்களுக்குள் பாட்டுப் போட்டி. "டீச்சர், நீங்க முன்னாடி உக்காந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்றாள். பாட்டு தெரியாத நான் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அந்தக் கட்டடத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அடையாற்றின் கரையில், கோட்டை மாதிரி இரண்டு கோபுரங்களோடு நிற்கிறது. ஜேம்ஸ் பிராடி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. பிராடி காசில் என்று பெயர். ஆசையாகக் கட்டியவர் 1801-ல் அதே ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். பிற்பாடு வீட்டுக்குத் 'தென்றல்' என்று தமிழ்ப் பெயர் வைத்தார்கள்.

இங்கே இயங்கும் கல்லூரி 1949-ல் அரசாங்கம் தொடங்கியது. அப்போது அதற்கு மத்திய கர்நாடக இசைக் கல்லூரி என்று பெயர். 2013-ல் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. அதற்கும் இடம் இதே வளாகம்தான். முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அவரை 1938-ல் வந்த 'துக்காராம்' படத்தில் நடித்தவராகவும் தெரியும். முசிறி இசைக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அவருடைய தந்தை சமஸ்கிருத பண்டிதர். அதே கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்த டி.பிருந்தாவோ நேர் எதிர். வீணை தனம்மாளின் பேத்தி. அந்த வீட்டுப் பதங்களும் ஜாவளிகளும் எளிதில் வெளியே போகாது என்பார்கள். அப்படிப்பட்ட பாடாந்தரம், சம்பளத்துக்குப் பாடம் நடத்தும் ஓர் அரசாங்க வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் போடலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அதற்கு முன்பு எப்படி? குருவின் வீட்டில் வருஷக்கணக்காக இருந்து, தண்ணீர் இறைத்து, கடைக்குப் போய்வந்து, காதால் கேட்டுக் கற்க வேண்டும். பெண் குழந்தைகளுக்கு, அதுவும் கச்சேரி பாடும் வழக்கமில்லாத வீடுகளில், அதற்கும் வழியில்லை. 1927-ல் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிச் சென்னையில் நடந்த இசை மாநாடு, 1928-ல் மியூசிக் அகாடமி, 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சங்கீத டிப்ளமோ என்று வரிசையாக வந்தபோதுதான் பாட்டு என்பது பாடத்திட்டமாயிற்று. பாடத்திட்டம் வந்தால் பரீட்சை வரும், பின்னாலேயே போட்டியும் வரும். பாட்டுக்கு மார்க் போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. இன்றும் இருக்கிறார்கள், நானும் ஒருகாலத்தில் அந்தக் கட்சிதான். ஏழு நிமிஷத்தில் ஒருவரின் ஞானத்தை எப்படி அளப்பது?

டி.கே.பட்டம்மாளைப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது. 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். முறையான குருகுலவாசம் கிடையாது. கச்சேரிகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் கிருதிகளை ஸ்வரத்தோடு எழுதி வைத்துக்கொள்வாராம். எட்டு வயதில் ஒரு போட்டியில் பைரவி ராகக் கிருதி ஒன்றைப் பாடி முதல் பரிசு வாங்கினார். 1929-ல், பத்து வயதில், வானொலியில் பாடினார். 1932-ல் நம் மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. அந்தக் காலத்தில் அவர் பிறந்த சமூகத்துப் பெண்கள் மேடையேறுவதில்லை. பெரிய வித்வான்களிடம் அவர் பாடம் கேட்டதெல்லாம் பிறகுதான். பரிசு முதலில், குரு அப்புறம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1990-ல் நான் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு வகுப்பாசிரியை. நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வருவாள். காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஆர்மோனியம் இல்லாமலே தினமும் அதே கட்டையில் எடுப்பாள். அது மோகன ராகம் என்று அவளுக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது. பள்ளிகளுக்கிடையே பாட்டுப் போட்டி என்று சுற்றறிக்கை வந்தது. பள்ளிக்கு ஒருவர். படிவத்தில் பாடலின் பெயர், ராகம், தாளம் என்று கட்டங்கள். கடைசியில் 'குருவின் பெயர்'.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் நானே முடிவு செய்துவிட்டேன். பாட்டு கிளாஸ் போகும் இன்னொரு மாணவியின் பெயரை எழுதினேன். அவளும் நன்றாகவே பாடினாள், மூன்றாம் பரிசாக எவர்சில்வர் தட்டோடு வந்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை. போட்டிக்கு முந்தின நாள் நொச்சிக்குப்பத்துப் பெண் என் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், குரு பேரு இல்லைன்னா உங்க பேரைப் போட முடியாதா?"

"எனக்குப் பாட்டுத் தெரியாதேம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் தமிழ்த்தாய் வாழ்த்து எடுத்துக் கொடுத்தாள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் வரவில்லை.

பிராடி காசிலில் அன்று மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒன்று, இரண்டு என்று எண் மட்டும். பாடுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை, யாரிடம் கற்றவர் என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாதாம். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாடினார்கள். எங்கள் வீட்டெதிர்ப் பெண் கல்யாணியில் நிரவலை நன்றாகச் செய்துவிட்டு, ஸ்வரம் பாடும்போது தாளத்தை விட்டுவிட்டாள். பரிசு இல்லை. ஒன்பதாம் எண் பையன் பாடியபோது எனக்கே புரிந்தது, அவன் வேறு ரகம் என்று.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவளுடைய படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பெயர், வகுப்பு, பாடல், ராகம், தாளம். அதோடு சரி. "என்ன டீச்சர் தேடறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

1990 ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்தவர்கள் இதைப் படித்தால் அவள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரை இங்கே போட வேண்டாம். எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் போய்ப் பார்க்க வேண்டும்.