மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்கள்

1990 யூனில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பெற்றோல் போவது நின்றது. அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையின் பட்டியலில் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து எனப் பலவும் அடங்கின. அடுத்த ஐந்தாண்டுகளில் யாழ்ப்பாணத்தைச் சுமந்தது பெரும்பாலும் சைக்கிள்தான். ஆனால் கார்களும் ஓடின. ஓடியவற்றுள் எடுப்பாகத் தெரிந்தவை 1940களிலும் 50களிலும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகள். நாற்பது வயதான கார்கள் அந்தத் தட்டுப்பாட்டைத் தாங்கியது தற்செயலாக நடந்ததல்ல. லீற்றருக்கு எத்தனை மைல் என்பதோடு ஒரு காரின் சிக்கனம் முடிந்துவிடுவதில்லை. கைக்குக் கிடைக்கிற எண்ணெயில் அது ஓடுமா, ஊர்க் கராஜில் திறந்து திருத்த முடியுமா என்பதும் சிக்கனத்தில் சேர்த்தி என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று.

இந்தக் கார்கள் அதுவரை உயிரோடு இருந்ததற்கு முதற்காரணம் இறக்குமதிக் கட்டுப்பாடு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது இலங்கைக்குப் புதிய கார்கள் வருவது வெகுவாகக் குறைந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகே யப்பானியக் கார்கள் பெருவாரியாக இறங்கின. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற காரைச் சாகவிடாமல் காப்பதே கராஜ்காரரின் தொழில். தேய்ந்த பாகத்தை லேத்தில் கடைந்து பொருத்தினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் மசகெண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்கானபோது அந்தக் கைப்பழக்கம் நேரடியாகப் பணமாகவே மாறியது. கார் எண்ணெய் கூடக் குடிக்கிறது என்றால் பிளக்கின் இடைவெளி, காபுறேற்றர் ஜெற், தீப்பொறி விழும் நேரம், இறுகிப் பிடிக்கும் பிரேக், ரயரின் காற்று என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. காதும் கண்ணும் சில சாவிகளும் போதும். தடை வந்தபோது யாழ்ப்பாணத்தில் இந்த அறிவு ஒரு தலைமுறை பழுத்திருந்தது.

பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் கார் ஓடியதை மாயமாகப் பேசுவோர் உண்டு. அதன் பின்னே இருந்தது தெளிவான பொறியியல். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுறேற்றருக்குள் விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பின்னால் வெண்புகை எழும். தெருவெல்லாம் அந்த மணம் நிற்கும். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு என்பதால் அழுத்தம் கூடிய என்ஜினில் அது நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். ஏ40இன் அழுத்த விகிதமோ சுமார் 7 தான். 9ஐ எட்டிய பிற்காலக் கார்களுக்கு இந்தச் சகிப்பு இல்லை. தட்டலை அடக்க, டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்திச் சற்றுத் திருப்பினாலே தீப்பொறியைப் பிந்த வைக்கலாம். பிரித்தானிய வயல்களில் ஃபெர்கூசன் டிராக்டரின் ஒரு வகை இப்படித்தான் பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெய் இனத்து எண்ணெயில் உழுதது. தொழிற்சாலை டிராக்டருக்குச் செய்ததை யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் காருக்குத் தாமே செய்துகொண்டார்கள்.

இதைச் சிக்கனம் என்பதா, கதியற்ற நிலை என்பதா என்று கேட்கலாம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவி இறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். புகை நெஞ்சுக்கு ஆகாது. அத்தனையும் உண்மை. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் நாளில் இதை எவரும் செய்யக்கூடாது. ஆனால் எது அரிதோ அதைக் காப்பதே சிக்கனம். அன்று அரிதாயிருந்த பெற்றோல் துளிக்கணக்கில் மட்டுமே செலவானது. இதைவிடக் கனமான கேள்வி இன்னொன்று உண்டு. பிள்ளைகள் ஜாம் போத்தலில் மண்ணெண்ணெயால் எரிந்த விளக்கில் படித்துக்கொண்டிருந்தபோது அதே எண்ணெயைக் காருக்கு ஊற்றியது நியாயமா? சொகுசுக்காக என்றால் நியாயமில்லை. ஆனால் பிரசவ வலி கண்டவரையும் காயப்பட்டவரையும் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்ப்பது எல்லா வேளையும் முடிகிற காரியமல்ல. அந்த அவசரங்களுக்கு ஓடிய வாடகைக் காரை விளக்கின் பகையாக நான் எண்ணவில்லை.

புதிய சிறு கார்கள் ஒரு லீற்றரில் மைனரைவிட அதிக தூரம் போகும் என்பதையும் மறுப்பதற்கில்லை. அமைதியான காலத்தில் அந்தக் கணக்கு வெல்லும். ஆனால் அமைதியான காலம் நிரந்தரமானது என்ற நம்பிக்கையின் மேலேயே அது நிற்கிறது. 2022இல் இலங்கையில் எரிபொருள் தீர்ந்தபோது கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். இந்த முறை நாடு முழுவதும் வரிசையில் நின்றது. நின்ற கார்களில் பலவற்றின் என்ஜினைக் கணினியின் தயவின்றித் தொட முடியாது; வேறெந்த எண்ணெயையும் அவை ஏற்கா. எனவே ஒரு காரின் சிக்கனத்தை மதிப்பிடுகிறவர்கள் மைல் கணக்கோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: நெருக்கடியில் இது எத்தனை வழியில் ஓடும், பழுதானால் இதை யார் திருத்துவார்? மெக்கானிக்கின் அறிவும் எரிபொருளைப் போலவே ஒரு நாட்டின் இருப்பு. பழைய கார்களோடு அதையும் கழித்துவிட்டால் அடுத்த தட்டுப்பாட்டில் அதை எங்கிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.