நாள் குறித்த வழக்கு
மலாயாவின் முதற் பொதுத்தேர்தலும் தோட்டத் தமிழரும்

ஈப்போவிலிருந்து வடக்கே செல்லும் இரயில் தடத்தில், செம்மோருக்கு முன்னே வருவது தஞ்சோங் ரம்புத்தான். 1911ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பெற்ற மனநோய் மருத்துவமனையால் அவ்வூரின் பெயர் நாடெங்கும் பரவிற்று. பெயரைச் சொன்ன அளவிலேயே நகைப்பவரும் உளர். அந்த நகைப்பு நமக்கு வேண்டா. ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த கிந்தா வட்டாரத்தின் வடபகுதி அது. 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மலாயாக் கூட்டரசின் முதற் பொதுத்தேர்தல் நடந்தபோது, கிந்தா உத்தாரா எனப்பட்ட வடகிந்தாத் தொகுதியில் வெற்றி பெற்றவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன். தமிழர் ஒருவர் நாட்டின் முதற் பொதுத்தேர்தலிலேயே வென்று, துங்குவின் முதல் அமைச்சரவையில் தொழில் அமைச்சராகவும் அமர்ந்தார் என்பதை நாம் பெருமையோடு சொல்லி வருகின்றோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே தேர்தலில் நாடு முழுவதும் பதிவாகியிருந்த வாக்காளர் ஏறத்தாழப் பன்னிரண்டு லட்சத்து எண்பதினாயிரம் பேருள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. மக்கட்தொகையிலோ நூற்றுக்குப் பதினொருவர் நாம். மீதிப் பேர் எங்கே போயினர்?

இவ்வினாவுக்கு விடை காண, அத்தேர்தலை என்றைக்கு வைப்பது என்று கட்சிகள் இரண்டாண்டு நிகழ்த்திய பூசலைப் பார்க்க வேண்டும்.

திருமணத்துக்கு நாள் குறிக்கும்போது பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் சண்டை வந்தால், அச்சண்டை பஞ்சாங்கத்தைப் பற்றியதன்று என்பதை நம்மில் அறியாதார் இல்லை. சீர்வரிசையோ, பழைய மனக்குறையோ, ஏதோ ஒன்று உள்ளே இருக்கும்; தை வேண்டா, மாசி வேண்டும் என்று வெளியே வரும். அரசியலிலும் அப்படியே. அமெரிக்காவில் அதிபர் பதவிக்குக் கட்சி வேட்பாளரைத் தெரிந்தெடுக்க மாநிலந்தோறும் நடக்கும் முதற்கட்டத் தேர்தல்களில், எந்த மாநிலம் முந்துவது என்பது தீராத வழக்கு. 2008ஆம் ஆண்டில் மிச்சிகனும் புளோரிடாவும் கட்சி விதித்த நாளை மீறி ஜனவரியிலேயே வாக்கெடுத்தன. ஜனநாயகக் கட்சி அவ்விரு மாநிலங்களின் பேராளர்க்கு வாக்கே இல்லை என்று தண்டித்துப் பின்னர் இறங்கி வந்தது. முதலில் வாக்களிப்பது எங்கள் உரிமை என்று சட்டமே இயற்றி வைத்திருக்கும் நியூ ஹாம்ப்ஷயர், 2024இலும் கட்சியின் சொல்லைக் கேட்கவில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? 2022ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தை மழைக்காலத்தில் கலைப்பதா என்று நம் நாட்டிலேயே வாதிட்டோம். பேராக், பகாங், பெர்லிஸ் மூன்றும் நாடாளுமன்றத்தோடு சேர்ந்து நவம்பரில் வாக்களிக்க, சிலாங்கூர், பினாங்கு முதலிய ஆறு மாநிலங்கள் 2023 ஆகஸ்டு வரை காத்திருந்தன. வெள்ளத்தின் அச்சம் மெய்தான். எந்தக் கட்சிக்கு எந்த மாதம் ஏற்றது என்ற கணக்கும் மெய்தான்.

இனி 1950களுக்குத் திரும்புவோம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 1948 ஜூன் 16ஆம் நாள் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட, நாட்டில் அவசரகாலம் பிறந்தது. காட்டோரத்துக் குடிசைகள் பெயர்க்கப்பட்டுப் புதுக்கிராமங்கள் எழுந்தன. ஊரடங்கும் அடையாளச் சீட்டுச் சோதனையும் அன்றாட வாழ்வாயின. இத்தகைய சூழலில் பிரிட்டிஷார் வகுத்த முறை, முதலில் நகராட்சித் தேர்தல், பின்னர் மாநிலத் தேர்தல், இறுதியில் கூட்டரசுத் தேர்தல் என்பது. படிப்படியாக ஏறுக என்றனர்; கடைசிப் படி எந்த ஆண்டில் என்பதை மட்டும் சொல்லவில்லை.

1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் முதல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்து 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர்த் தேர்தலே வரலாற்றைத் திருப்பியது. அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கூட்டுச் சேர்ந்து பன்னிரண்டில் ஒன்பது இடங்களைக் கைப்பற்றின. அம்னோவைத் தோற்றுவித்துப் பின் 1951இல் அதிலிருந்து விலகிய டத்தோ ஓன் பின் ஜாபாரின் மலாயாச் சுதந்திரக் கட்சி இரண்டே இடங்களில் நின்றது. மலாயா இந்தியர் காங்கிரஸ் அன்று ஓனின் பக்கம் இருந்தது என்பதை இங்கே குறித்துக் கொள்க.

வென்றவர்க்கு அவசரம் வந்ததும், தோற்றவர்க்குப் பொறுமை வந்ததும் இயல்பே. 1953 ஏப்ரலில், நம் பேராக்கின் மந்திரி பெசார் டத்தோ பங்ளிமா புக்கிட் கந்தாங் உள்ளிட்ட மந்திரி பெசார்கள் ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டினர். ஓனும் அதில் முன்னின்றார். தேர்தலுக்கு 1956 இறுதி வரை பொறுக்கலாம் என்பது அம்மாநாட்டார் கொண்ட நிலை. அம்னோவும் சீனர் சங்கமும் அதிற் சேராது ஆகஸ்டில் தமக்கெனத் தனி மாநாடு கூட்டி, 1954இலேயே தேர்தல் வேண்டும் என்றன. ஒரு நாட்டில் ஒரே ஆண்டில் இரண்டு தேசிய மாநாடுகள்! பெயர் ஒன்று, நாள் வேறு.

பொறுமை வேண்டும் என்றவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள். ஓன் கூட்டரசு அரசாங்கத்தில் உள்நாட்டு விவகாரப் பொறுப்பினர். மற்றவர் மாநில ஆட்சித் தலைவர்கள். அவசரகாலம் ஓயட்டும், இனங்களிடையே இணக்கம் வேரூன்றட்டும் என்ற அவர்களுடைய வாதம் பொய்யன்று. ஆயினும் காத்திருப்பதால் இழப்பு ஏதும் இல்லாதவர் காத்திருக்கச் சொல்லும்போது கேட்பவர்க்கு ஐயம் எழத்தான் செய்யும்.

இதற்கிடையே அரசாங்கம் நாற்பத்தறுவர் கொண்ட தேர்தல் குழு ஒன்றை அமைத்தது. குழுவில் பெரும்பான்மையோர், சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படுவோர் பாதிக்கும் குறைவாக இருந்தாற் போதும் என்றனர். கூட்டணியைச் சார்ந்த சிறுபான்மையோர் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும், 1954 நவம்பருக்குள் தேர்தல் வேண்டும் என்றனர். ஹை கமிஷனர் சர் ஜெரால்டு டெம்பளரும் சுல்தான்களும் நடுவே ஒரு கோடு கிழித்தனர்: மொத்தம் 98 இடங்கள், அவற்றுள் தேர்தலால் நிரப்பப்படுவன 52, தேர்தல் 1955இல்.

இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 98 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மை 50. ஆகவே 52 தொகுதிகளில் ஒரு கட்சி இரண்டை இழக்கலாம். மூன்றாவதை இழந்தால் நியமன உறுப்பினரின் தயவை நாட வேண்டும். தேர்தலில் நின்று வென்றும் ஆள முடியாத நிலை! துங்கு அப்துல் ரஹ்மானின் சினத்துக்குக் காரணம் இக்கணக்கே. 1954 ஏப்ரலில் அவரும் சீனர் சங்கத்து டி. எச். டானும் லண்டன் சென்றனர்; அப்துல் ரசாக்கும் உடன் சேர்ந்து கொண்டார். முதலில் பார்க்கவே மறுத்த குடியேற்ற நாட்டு அமைச்சர் ஆலிவர் லிட்டல்டன், மே மாதத்தில் அவர்களைச் சந்தித்தார். இறுதியில் கை விரித்தார். ஜூனில் கூட்டணியினர் நகராட்சி, மாநில, கூட்டரசு மன்றங்களினின்று நாடெங்கும் வெளியேறினர்.

தீர்வு பிறந்த இடம் விந்தையானது. டெம்பளருக்குப் பின் ஹை கமிஷனராகிய சர் டொனால்டு மெக்கில்லிவ்ரே கடற்பயணத்துக்குப் புறப்படும் நேரம். ஜூலை 2ஆம் நாள் ‘அலர்ட்’ என்னும் போர்க்கப்பலில் துங்குவும் தோழரும் அவரைக் கண்டு பேசினர். ஹை கமிஷனர் தம் விருப்பப்படி நிரப்புவதற்கு ஒதுக்கப்பட்டிருந்த ஏழு நியமன இடங்களுள் ஐந்தை, தேர்தலில் பெரும்பான்மை பெறும் கட்சியின் தலைவரைக் கலந்தே நிரப்புவது என்று உடன்பாடு ஏற்பட்டது. புறக்கணிப்பு நின்றது.

தேதி என்னவாயிற்று? ஒன்றும் ஆகவில்லை. 1954 நவம்பர் என்று ஓராண்டு முழங்கிய கூட்டணி, 1955ஐ ஏற்றுக்கொண்டது. நாளை விட்டார்கள்; ஐந்து இடத்தை வாங்கினார்கள். கொடியில் எழுதியிருந்தது தேதி. கப்பலில் விலை பேசப்பட்டது அதிகாரம். குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல பேரம் என்றே கருதுகின்றேன்.

ஆனால் இரண்டு மாநாட்டிலும் கப்பலிலும் பேசப்படாத ஒன்று உண்டு. நாள் எதுவாயினும், அந்நாளில் வாக்குச்சாவடிக்கு வரத் தகுதியுடையோர் யார்? கூட்டரசின் குடிமகன் அல்லது சுல்தானின் குடியாக இருந்தால்தான் பெயர் பதியலாம். 1948ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, இங்கே பிறந்த ஒருவன் தானாகவே குடிமகனாக வேண்டுமாயின், பொதுவாக அவன் தாய் தந்தை இருவரும் இங்கே பிறந்து பதினைந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுச் செய்து பெற வேண்டுமாயின், இங்கே பிறந்தவன் பன்னிரண்டில் எட்டாண்டும், வெளியே பிறந்தவன் இருபதில் பதினைந்தாண்டும் தங்கியதைக் காட்டி, மலாய் அல்லது ஆங்கில அறிவையும் காட்ட வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, தாய் இறந்தபோது ஒருமுறை, தங்கை திருமணத்துக்கு ஒருமுறை ஊர் போய் வந்த பால்மரத் தொழிலாளி எந்த ஆண்டுக்கு எந்தச் சான்றைக் காட்டுவான்? ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டு உயிரோடு மீண்டவனிடம் தங்கியமைக்கு என்ன காகிதம் இருக்கும்? சந்தைக்குப் போதிய மலாய் அவன் நாவில் உண்டு. அதிகாரி முன்னே அது போதுமோ என்னும் அச்சமும் உண்டு. 1952இல் சட்டம் ஓரளவு தளர்ந்தது. ஆயினும் 1954இன் பிற்பகுதியில் வாக்காளர் பதிவு நடந்தபோது தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் வெளியேதான் நின்றனர். பதிந்தோருள் நூற்றுக்கு எண்பத்து நால்வர் மலாய்க்காரர். சீனர் ஏறத்தாழப் பதினொருவர்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்கட்கு ஒரு வேண்டுகோள். பழைய குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளில் அக்காலக் குடியுரிமைத் தாள்கள் இன்றும் கிடக்கக் கூடும். அவற்றில் உள்ள ஆண்டை மட்டும் குறித்து வைத்தாலும் நம் வரலாற்றுக்கு அது பெரும் உதவி. பெயர்கள் வேண்டா, ஆண்டு போதும்.

காத்திருந்தால் நமக்கு நன்மை விளைந்திருக்குமோ என்று சிலர் கேட்கலாம். 1956 என்றிருந்தால் இன்னும் பலர் பதிந்திருப்பர் அல்லரோ? கேள்வி நியாயமானது. ஓன் அம்னோவை விட்டதே அதன் கதவை மற்ற இனத்தார்க்கும் திறக்க முயன்று இயலாமற் போனதால்தான். அவர் ‘பொறு’ என்றபோது, பொறுக்கும் காலத்தில் குடியுரிமையைப் பரவலாக்குவோம் என்றும் சொல்லியிருந்தால் வழக்கே வேறாயிருக்கும். ஆனால் 1954இல் அவர் தொடங்கிய நெகாரா கட்சி அப்பழைய வழியில் நடக்கவில்லை. மலாய் வாக்கையே நோக்கித் திரும்பிற்று. காத்திருக்கச் சொன்னவர் எவரும் நம்மைப் பட்டியலில் சேர்க்கவெனக் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆகவே அவர்கள் நாள் வென்றிருந்தாலும் நாம் வென்றிருப்போம் என்பதற்கு ஆதாரமில்லை. 1954இல் இந்தியர் காங்கிரஸ் ஓனை விட்டுக் கூட்டணியிற் சேர்ந்தது சந்தர்ப்பவாதம் என்று அன்றும் ஏசப்பட்டது, இன்றும் ஏசப்படுகிறது. வாக்கு இல்லாத ஒரு சமூகம், வாக்கு உள்ளவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து பேச வேறு வழி யாது என்பதை ஏசுவோர் சொல்வதில்லை.

தேர்தல் முடிவை யாவரும் அறிவர். கூட்டணி 52இல் 51ஐ வென்றது. கப்பலில் வாங்கிய ஐந்து இடம் இல்லாமலே பெரும்பான்மை கிடைத்து விட்டது! இழந்த ஒன்றும் நம் பேராக்கில்தான்: கிரியான் தொகுதி, இஸ்லாமியக் கட்சிக்குப் போயிற்று. பங்ளிமா புக்கிட் கந்தாங்கின் பேராக் தேசியச் சங்கமும் ஓனின் நெகாரா கட்சியும் ஓரிடமும் பெறவில்லை. அந்த அரசாங்கமே 1957இல் விடுதலையைக் கொணர்ந்தது. விடுதலை நாளிலிருந்து இங்கே பிறப்போர் பிறப்பாலேயே குடிமக்கள் என்றும், முன்னரே இங்கு வாழ்வோர் பதிவு செய்து கொள்ளலாம் என்றும் அரசியல் சட்டம் வகுத்தது. பதிவோர்க்கு மொழித் தேர்வினின்று ஓராண்டு விலக்கும் கிடைத்தது. அந்த ஓராண்டைப் பயன்படுத்தினோரும் உண்டு. தவறவிட்டு, அடுத்த தலைமுறை வரை அல்லலுற்ற குடும்பங்களும் உண்டு.

1959இல் தேதியின் விளையாட்டை இன்னொரு முறை கண்டோம். அவ்வாண்டு மாநிலத் தேர்தல்கள் ஒரே நாளில் நடக்கவில்லை. மே 20 முதல் ஜூன் 24 வரை மாநிலத்துக்கு ஒரு நாளாக நடந்தன. நாடாளுமன்றத் தேர்தலோ ஆகஸ்டு 19. கிளந்தானும் திரங்கானுவும் இஸ்லாமியக் கட்சியின் கைக்குப் போன செய்தி முன்னே வந்தது; அதன் பின்னரே கூட்டணிக்குள் நாடாளுமன்ற இடப் பங்கீடு சூடேறிற்று. வாக்காளர் பட்டியலும் முன்போல இல்லை. மொத்தம் இருபத்தொரு லட்சத்தைக் கடந்து, சீனர் நூற்றுக்கு முப்பத்தைவர் அளவாகவும் இந்தியர் ஏழு பேர் அளவாகவும் உயர்ந்திருந்தனர். அதைக் காட்டிச் சீனர் சங்கத் தலைவர் டாக்டர் லிம் சோங் இயூ கூடுதல் இடம் கேட்டார், துங்கு இணங்கவில்லை. 104இல் அம்னோவுக்கு 69, சீனர் சங்கத்துக்கு 31, இந்தியர் காங்கிரசுக்கு 4 என்று முடிந்தது.

புதிய பட்டியலின் வலிமை தெளிவாக வெளிப்பட்ட இடம் ஈப்போ வட்டாரம். சீனிவாசகம் சகோதரர்கள் 1953இல் ஈப்போவில் தொடங்கிய முற்போக்குக் கட்சி, 1955இல் எதுவும் வெல்லாதது, 1959இல் நான்கு நாடாளுமன்ற இடங்களைப் பிடித்தது, நான்கும் பேராக்கிலேயே. ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகம், மெங்லெம்புவில் எஸ். பி. சீனிவாசகம். சம்பந்தன் இம்முறை சுங்கை சிப்புட்டில் நின்று வென்றார்.