நீரும் புகையும்: உக்கா பற்றிய ஒரு சமூகவரலாற்றுக் குறிப்பு

கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்திலே, கிணற்று நீரிறைத்துப் புகையிலை செய்கை பண்ணப்பட்டமை நாமறிந்ததே. நனைந்த இலையைக் கையாளும் உழைப்பாளரின் தோலினூடாக நிக்கொட்டின் உட்சென்று தலைச்சுற்றலையும் வாந்தியையும் விளைவிக்கும். நீர் இங்கு நஞ்சைத் தடுப்பதில்லை. உடலினுள் அதனைக் கொண்டு சேர்க்கிறது.

நுகர்வோரிடையிலோ இதற்கு மாறான நம்பிக்கையே நிலவுகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாத் பேக் பீஜப்பூரிலிருந்து கொணர்ந்த புகையிலையை அக்பர் சுவைக்க முற்பட்டபோது, அரசவை மருத்துவர் அதனை ஏற்கவில்லை. ஆயினும், புகையை நீரினூடாக இழுத்தால் தீங்கு அகலும் என்ற கருத்து உக்காவுடன் பிரபுத்துவ வாழ்வில் வேரூன்றியது. அதுவே இன்று 'ஷீஷா' என்ற பெயரில் வணிகப் பண்டமாகியுள்ளது.

உண்மையில், நீர் புகையைக் குளிர்விக்கிறதேயன்றித் தூய்மைப்படுத்துவதில்லை. கரியின் தணல் காபனோரொட்சைட்டை மேலும் சேர்க்கிறது. ஒருமுறை அமர்ந்து புகைப்பவர் நூறு சிகரெட்டுகளுக்கு ஈடான புகையை உள்ளிழுக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் 2005இல் எச்சரித்தது.

இலங்கையில் 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் பட எச்சரிக்கையை வேண்டியது. ஆனால், பிறர் ஆயத்தஞ்செய்து கொடுக்கும் உக்காவைப் புகைப்பவர் பெட்டியையே காண்பதில்லை. எனவே எச்சரிக்கை உக்காவிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்கப்படல் வேண்டும். புத்தளக் கரையில் அப்பரப்புரை மருத்துவப் புள்ளிவிபரத்தில் மட்டுமன்றி, ஈர இலையைத் தொட்ட கைகளின் அனுபவத்திலிருந்தும் தொடங்குதல் வேண்டுமென்பதே எமது கருத்து.