இயந்திரத்துள் இயந்திரம்

கோயம்புத்தூரின் தொழில் வரலாற்றைக் கூறப் புகுவோர் பஞ்சாலையிலிருந்தே தொடங்குவது வழக்கம். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1888-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸின் முயற்சியால் இந்நகரில் பஞ்சாலை எழுந்தது. நீராவிக் காலத்து ஆலைகளில் கூரையை ஒட்டி நீண்ட தண்டு ஒன்று ஓடும். எஞ்சின் அதனைச் சுழற்ற, அதிலிருந்து இறங்கும் பட்டைகள் வரிசையாய் நிற்கும் இயந்திரங்களை ஓட்டும். பட்டை அறுந்தால் ஓர் இயந்திரம் நிற்கும். எஞ்சின் பழுதானால் ஆலையே நிற்கும். 1930-களில் பைக்காராவின் மின்சாரம் நீலகிரியினின்று இறங்கி வந்தபின், இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்னும் முறை மெல்ல மெல்லப் பரவியது.

கணிப்பொறி நடந்த வழியோ இதற்கு நேர்மாறானது. 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தார், விலையுயர்ந்த ஒரே கணிப்பொறியைப் பலருக்கும் பங்கிட்டளிக்க ஒரு வழி கண்டனர். உள்ளே இருப்பது ஒரு பொறியே. ஆயினும் ஒவ்வொருவருக்கும் தமக்கென முழுப்பொறி ஒன்று இருப்பதாகவே தோன்றும். இதுவே மெய்நிகர் இயந்திரம். 1972-இல் இது வி.எம்./370 என்ற பெயரில் வணிகத்துக்கு வந்தது. 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் இதனைச் சாதாரண மேசைக் கணிப்பொறிக்கும் உரியதாக்கிற்று. பல வேலைகளை ஒரு பொறியில் அடக்கிய சிக்கனம் நன்றே. ஆனால் பழைய ஆலையின் ஒற்றைத் தண்டு மீண்டும் நம் கூரையில் ஏறிவிட்டது என்பதைப் பலரும் கவனித்தாரில்லை.

டிரைவர் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் பேருந்து ஓட்டுபவர். கணிப்பொறிக்குள்ளும் அப்பெயருடைய சிறு நிரல்கள் உண்டு. வட்டு, திரை, வலை இணைப்பு ஆகியவற்றோடு இயங்குதளம் பேசுவதற்கு அவை துணைசெய்கின்றன. காவல் மென்பொருள்கள் சிலவும் இவ்வடிவிலேயே அமைகின்றன. மற்ற நிரல் தவறினால் அது மட்டும் விழும். இயங்குதளத்தின் கருவறையில் இருக்கும் டிரைவர் தவறினாலோ பொறி முழுவதும் விழும். விண்டோஸில் அவ்வீழ்ச்சியின் அடையாளமாக நெடுங்காலம் இருந்தது நீலத்திரை.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் காவல் மென்பொருளுக்குச் சிறிய குறிப்புக் கோப்பொன்றைப் புதுப்பித்து அனுப்பியது. டிரைவர் பழையதே, அது படிக்கும் கோப்புதான் புதிது. 78 நிமிடத்தில் பிழை அறியப்பட்டு அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் பாதிக்கப்பட்டன. அயல்நாடுகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

காரணம் யாது? புதிய கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அவற்றைத் தரவேண்டிய நிரலோ 20 மட்டுமே தந்தது. முந்தைய கோப்புகள் அந்த 21-ஆம் இடத்தில் எதுவாயினும் பொருந்தும் என விட்டிருந்தமையால், குறை மாதக்கணக்கில் மறைந்து கிடந்தது. அன்று முதன்முதலாக அவ்விடத்தைப் பார்க்க நேர்ந்தது. இல்லாத இடத்தில் கைவைத்த டிரைவர் விழுந்தது. பொறியும் உடன் விழுந்தது. எழுந்த பொறி மீண்டும் அதே கோப்பைப் படித்தது, மீண்டும் விழுந்தது.

மருந்து எளிது: பொறியைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டும். அதற்குப் பொறியின் முன் ஒருவர் உட்கார வேண்டுமே! வட்டு பூட்டப்பட்டிருந்தால் மீட்புத் திறவுகோலும் கையில் இருக்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்துக்கோ உட்காரும் இடமே கிடையாது. எனவே நோயுற்ற பொறியின் வட்டைக் கழற்றி, நலமான வேறொரு மெய்நிகர் இயந்திரத்தில் மாட்டி, கோப்பை நீக்கியபின் பழைய பொறியிலேயே பொருத்தினார்கள். மைக்ரோசாஃப்ட் மற்றொரு வழியும் கூறிற்று: பொறியை 15 முறை வரை திரும்பத் திரும்பத் தொடங்கிப் பாருங்கள்; விழுவதற்கு முன் திருத்தம் வந்து சேர்ந்துவிடலாம். கேட்க வேடிக்கையாக இருப்பினும், பல பொறிகள் அவ்வாறே பிழைத்தன.

கொங்கு நாட்டுத் தோட்டத்தில் மோட்டார் நின்றால், வரும் மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் ஒன்று கேட்பார்: "கடைசியா இதுல யாருங்க கை வெச்சது?" மெய்நிகர் இயந்திரத்துக்கும் முதற்கேள்வி இதுவே. கடைசியாக மாறியது எது: உள்ளிருக்கும் இயங்குதளமா, டிரைவரா, தாங்கும் பெரும்பொறியின் மென்பொருளா? விழும்போது பொறி எழுதிவைக்கும் நினைவுப் பதிவைப் படித்தால், எந்த டிரைவரில் விழுந்தது என்பது பெரும்பாலும் தெரியும். அதனை மட்டும் முந்தைய பதிப்புக்குத் திருப்புக. ஒரே வேளையில் இரண்டை மாற்றற்க. இரண்டை மாற்றிப் பொறி எழுந்தால், எதனால் எழுந்தது என்று அறிய மாட்டோம். அறியாத பழுது மறுபடி வரும்.

மெய்நிகர் இயந்திரத்துக்கு மோட்டாருக்கு இல்லாத பேறு ஒன்று உண்டு. மாற்றத்துக்கு முன் அதன் அப்போதைய நிலையை அப்படியே பதிந்துவைக்கலாம்; கெட்டால் அந்நிலைக்கே திரும்பலாம். ஆனால் இடையில் எழுதிய கணக்கு போய்விடும். ஆதலின் தரவின் நகல் வேறோர் இடத்திலும் இருத்தல் வேண்டும். புதுப்பிப்பை முதலில் ஒரு பொறிக்கும், பின்பு பத்துக்கும், அதன்பின் அனைத்துக்கும் தருவதே முறை. அவ்வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் அப்படிப்பட்ட படிமுறையையே மேற்கொண்டது.

ஆலையின் கூலிக் கணக்கும், மருத்துவமனையின் நோயாளர் பதிவும் இத்தகைய பொறிகளுள் குடியேறிவரும் காலம் இது. புதுப்பிக்காது விடுவதும் தீர்வன்று. காவலற்ற பொறி திருடனுக்குத் திறந்த வீடு. புதியது வரட்டும், ஆனால் பழையதற்குத் திரும்பும் வழியை அடைத்துவிட்டு வரவேண்டாம். திறவுகோல் எங்கே, நகல் எங்கே, கடைசியாகக் கைவைத்தவர் யார் என்ற மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். அந்தப் புத்தகம் காகிதத்திலேயே இருக்கட்டும். பொறி விழுந்த நாளில் அது ஒன்றுதான் திறக்கும்.