ஹிஜ்ரத் செய்த பெண்களின் குரல்: சூடான் அகதிப் பெண்களின் வரலாறு தரும் படிப்பினை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவன் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

இஸ்லாமிய ஆண்டுக் கணக்கே ஒரு புலம்பெயர்வை அடிப்படையாகக் கொண்டது என்பதை நாம் அறிவோம். மதீனா ஹிஜ்ரத்துக்கு முன்பே, கி.பி. 615ஆம் ஆண்டு, மக்காவின் கொடுமை தாங்காது முஸ்லிம்களில் சிலர் செங்கடலைக் கடந்து நஜ்ஜாஷி மன்னரின் அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். அந்த நிலத்துக்கு மேற்கே அமைந்த நாடுதான் சூடான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டின் பெண்கள் அடைக்கலம் தேடி அலைந்து வருகின்றனர். புதிய நாட்டில் அவர்களுக்கு எவ்வாறு வலிமை சேர்ப்பது என்ற கேள்விக்கு வரலாறும் ஆய்வுகளும் தரும் விடையை ஜமாஅத்தாரின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

அஸ்மா (ரலி) அவர்களின் முறையீடு

அபிசீனியா சென்ற பெண்மணிகளுள் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) ஒருவர். கணவர் ஜஅஃபர் (ரலி) அவர்களுடன் அங்கு வாழ்ந்து மூன்று ஆண் மக்களைப் பெற்று, ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றியின் போது மதீனா வந்து சேர்ந்தார். மதீனாவுக்கு முதலில் ஹிஜ்ரத் செய்த தங்களுக்கே சிறப்பு அதிகம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் அவரிடம் பேசினார்கள். அஸ்மா (ரலி) அதைக் கேட்டு அமைதியாகிவிடவில்லை. அந்நிய மண்ணில் தாங்கள் பட்ட துன்பத்தையும் அச்சத்தையும் எடுத்துரைத்து, நபிகளாரிடமே முறையிட்டார். கப்பலில் வந்தோருக்கு இரு ஹிஜ்ரத்துகளின் நன்மை உண்டு என்று நபிகளார் தீர்ப்பளித்தார்கள். அச்செய்தியை அவர் வாயால் கேட்பதற்காகக் கப்பல் தோழர்கள் கூட்டங்கூட்டமாக அவரிடம் வந்தனர் என்று ஸஹீஹுல் புகாரீ அறிவிக்கிறது.

அவர் வெறுங்கையுடன் திரும்பவும் இல்லை. மறைப்புள்ள ஜனாஸா சந்தூக்கை அபிசீனியாவில் கண்டு வந்து, ஃபாத்திமா (ரலி) அவர்களின் இறுதிப் பயணத்துக்கு அம்முறையை எடுத்துரைத்தவர் அவரே என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அடைக்கலம் புகுந்த பெண்ணின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும், அவர் அறிவை ஏற்பதும் நம் மார்க்க வரலாற்றில் முன்னுதாரணம் உள்ளவை என்பதற்கு இது சான்று.

சூடான் பெண்களின் பின்னணி

அகதி என்றதும் ஒன்றுமறியாத ஏழைப் பெண் ஒருத்தியை மனத்தில் வரைந்து கொள்வது பலரது வழக்கம். சூடானின் வரலாறு அவ்வாறு இல்லை. மஹ்தியின் படையில் பணியாற்றிய பாபிக்ர் பத்ரீ என்னும் பெரியவர், ஆங்கில ஆட்சியாளரின் தயக்கத்தையும் மீறி, 1907இல் ருஃபாஆ என்னும் ஊரில் தம் புதல்வியரையும் அண்டை வீட்டுச் சிறுமியரையும் கொண்டு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அவ்வழியில் 1966இல் உம்துர்மானில் உருவான அஹ்ஃபாத் மகளிர் கல்லூரி பின்னாளில் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1965இல் ஃபாத்திமா அஹ்மத் இப்ராஹீம் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

படிப்பறியாப் பெண்களும் கைவளம் உடையவர்களே. போரினால் இடம்பெயர்ந்து கார்த்தூம் வந்த பெண்கள் தெருவோரம் தேநீர் விற்றுக் குடும்பம் காத்தனர். அவர்களுக்கென அவதிய்யா மஹ்மூத் கூக்கூ 1990இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். பெண்கள் மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சேமிப்பும் அங்குப் பழைய வழக்கம். நம் ஊர்ச் சீட்டைப் போன்ற அதற்கு ‘சந்தூக்’ என்றே பெயர். ஜனாஸாப் பெட்டிக்கு நாம் வழங்கும் அதே அரபுச் சொல் அங்குப் பணப்பெட்டியைக் குறிக்கிறது.

கெய்ரோவில் நேர்ந்தது

1983 முதல் 2005 வரை நீடித்த உள்நாட்டுப் போரும், 2003இல் மூண்ட தார்ஃபூர் போரும் பல இலட்சம் மக்களை வெளியேற்றின. அவர்களில் பலர் எகிப்துக்குச் சென்றனர். 1976ஆம் ஆண்டின் நைல் பள்ளத்தாக்கு ஒப்பந்தப்படி சூடானியர் அங்குத் தடையின்றி வாழ முடிந்தது. 1995இல் அந்தச் சலுகை நின்றது. ஆண்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக, பெண்கள் வீட்டு வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினர்.

2004இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் சூடானியரின் தனித்தனி விண்ணப்ப விசாரணைகளை நிறுத்தி வைத்தது. 2005 செப்டம்பர் இறுதியில், முஸ்தஃபா மஹ்மூத் பள்ளிவாசலுக்கு எதிரிலுள்ள பூங்காவில் அகதிகள் குடும்பத்துடன் அமர்ந்து, தங்கள் குறைகளைக் கேட்குமாறு வேண்டினர். மூன்று மாதங்களுக்குப் பின், டிசம்பர் 30 அன்று காவல்துறை பலப்பிரயோகம் செய்து அவர்களை அகற்றியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறையில்லத்தின் வாசலில் நிகழ்ந்த இத்துயரை எண்ணும் போது நம் நெஞ்சம் கனக்கிறது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம்

கெய்ரோவிலிருந்தும், கென்யாவின் காகுமா முகாமிலிருந்தும் பலர் ஆஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட்டனர். அங்கு 2001இல் சுமார் 4,900 ஆக இருந்த சூடானில் பிறந்தோர் தொகை, 2006இல் சுமார் 19,000 ஆயிற்று. இவர்களில் பெரும்பாலோர் தென்சூடானின் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்களும் இருந்தனர். ஆண் துணையின்றி ஆபத்தில் உள்ள பெண்களுக்கென 1989 முதல் தனி விசா முறையும் அந்நாட்டில் இருந்தது.

புதிதாக வந்தோருக்கு அரசு ஆங்கிலம் கற்பித்தது. பெரும்பாலோருக்கு நெடுங்காலம் 510 மணி நேரமே வரம்பு. தாய்மொழியிலும் எழுதப் படிக்க அறியாத தாய்க்கு அது போதுமானதன்று. 2021இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. வகுப்பு நேரத்தில் குழந்தைகளைக் கவனிக்க ஏற்பாடு இருந்ததால்தான் பல தாய்மார்கள் வகுப்புக்கு வர இயன்றது.

உதவித்தொகை மனைவியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேர்ந்த போது, வேலையின்றி இருந்த கணவர்மார் தம் மதிப்புக் குறைந்ததாக எண்ணினர். குடும்பங்களில் பூசல் எழுந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. பெண்ணுக்கு உரியதைத் தருவதோடு, ஆண்களையும் பெரியவர்களையும் அமர்த்திப் பேசுவதும் தேவை என்பது இதனால் தெளிவாகிறது.

ஆய்வு எவ்வாறு அமைய வேண்டும்?

2001 ஜூன் மாதம் ஜெனீவாவில் சுமார் 50 அகதிப் பெண்களை அழைத்து ஐ.நா. ஆணையம் அவர்தம் கருத்தைக் கேட்டது. அவ்வாண்டே ஐந்து உறுதிமொழிகள் வெளியாயின. கணவர் பெயரில் குடும்பம் முழுவதும் பதிவாகும் நிலை மாறி, பெண்ணுக்குத் தனிப் பதிவும் ஆவணமும் தருதல் அவற்றுள் ஒன்று. உணவுப் பங்கீட்டில் பெண்களுக்குப் பொறுப்பளித்தல் இன்னொன்று. பெண்களின் மாதாந்திரச் சுகாதாரப் பொருட்களை வழங்குதலும் அதில் இடம்பெற்றது. நேரில் கேட்டதன் பயன் இது.

மறுபுறம், அகதிகளின் கதைகளைச் சேகரித்துச் செல்வோர் திரும்பி வருவதில்லை என்ற மனக்குறை பரவலாக இருந்தது. ‘எங்கள் கதைகளைத் திருடுவதை நிறுத்துங்கள்’ என்னும் பொருள் தரும் தலைப்பிலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆய்வின் பயன் அதற்கு உட்படுவோருக்கே திரும்ப வேண்டும், அவர்களும் ஆய்வில் பங்காளிகளாக வேண்டும் என்பது அவர்களின் முடிவு.

நம் கடமை

2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் மீண்டும் போர் மூண்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதமே எகிப்து, பெண்கள் உட்பட எல்லாச் சூடானியருக்கும் விசாவைக் கட்டாயமாக்கியது. சாத் நாட்டின் எல்லையை நடந்தே கடந்தோரில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களுமே.

இவர்களுக்காக நாம் துஆ செய்வதும், இயன்ற பொருளுதவி புரிவதும் கடமை. அத்துடன், நம் மஹல்லாவின் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் பைத்துல்மால் வழியாக உதவும் போதும் இந்த வரலாறு நமக்கு வழிகாட்டும். அரிசியும் பணமும் கொடுக்கு முன், அவர்களுக்கு என்ன தேவை, அவர்களால் எதைச் செய்ய இயலும் என்று கண்ணியமாகக் கேட்டறிவோம். நிர்வாகத்தார் கூடி முடிவெடுக்கும் போது அவர்கள் கருத்தும் அங்கு வந்து சேர வழி செய்வோம். அஸ்மா (ரலி) அவர்களின் முறையீட்டைக் கேட்ட நபிகளாரின் ஸுன்னத்தைப் பின்பற்றும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.