எபெனேசர்

தமிழ்க் கிறிஸ்தவர்களின் வீட்டு முகப்பிலும் பிள்ளைகளின் பெயரிலும் அடிக்கடி காணும் சொல் இது. எபிரேய மொழியில் 'எபென்' என்றால் கல். 'எசேர்' என்றால் உதவி. சேர்த்தால் 'உதவிக் கல்'. எஸ்றா, எலெயாசார், லாசரு ஆகிய பெயர்களுக்கும் இந்த 'உதவி'தான் வேர்.

கதை 1 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தில் வருகிறது. இஸ்ரவேலர் மிஸ்பாவில் கூடி, தண்ணீர் மொண்டு ஊற்றி, உபவாசம் இருந்து, பாவத்தை அறிக்கையிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பெலிஸ்தர் படையெடுத்து வருகிறார்கள். பெரும் இடிமுழக்கத்தில் கலங்கிச் சிதறுகிறார்கள். சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி எபெனேசர் என்று பேரிடுகிறார். வெற்றித் தூண்தான், ஆனால் வென்றவர் பெயரும் இல்லை, சாமுவேலின் பெயரும் இல்லை. தாழ்மை என்றால் என்னவென்று சிறு பிள்ளைக்கும் இது விளங்கும்.

ஞாயிறு பள்ளியில் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. இந்தப் பெயர் முதலில் வருவது 4-ஆம் அதிகாரத்தில், ஒரு தோல்விக் கதையில். எபெனேசரில் பாளயமிறங்கிய இஸ்ரவேலர், உடன்படிக்கைப் பெட்டியைக் களத்துக்குத் தூக்கிவந்தால் போதும், ஜெயம் நமதே என்று நம்பினார்கள். தோற்றார்கள்; பெட்டியும் பறிபோனது. மனந்திரும்பாமல் கடவுளைத் துணைக்கு அழைத்த கதை அது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பெயர் இருந்தால், பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே வாசித்துக் காட்டுங்கள்.