உருக்கு

உருகு தன்வினை, உருக்கு பிறவினை. அதுவே பெயராகி எஃகையும் குறிக்கிறது. அந்நாளில் இரும்பை மரத்துண்டு, இலைகளோடு மண்மூசையில் இட்டு மூடி, உலையில் காய்ச்சினார்கள். கரி ஏறிய இரும்பு இளகி உருக்காகும். ஈரோடு மாவட்டக் கொடுமணல் அகழாய்வு இத்தொழிலின் பழமைக்குச் சான்று.

கன்னடத்தில் உருக்கு என்பது 'உக்கு'. ஐரோப்பியர் வழங்கிய 'வூட்ஸ்' அதன் திரிபு என்பர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் வூட்ஸ் பற்றிய ஆய்வை லண்டன் ராயல் சொசைட்டியில் அளித்தார்; பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் ஆராய்ந்தார்.

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால் பொறி பூவாய்க் கிளைக்கிறதே, அதற்கும் இரும்புத்தூளில் உள்ள கரிதான் காரணம். உருக்கு வாளுக்கு உறுதி தந்த அதே கரி, மத்தாப்புக்குப் பூத் தருகிறது.